வளையத்தில் நுழையாத மரம்

குவில் க்ரீக்
ஜூன் 14

அக்கா,

இந்த மெஷின் வந்தால் இனிமேல் என்னோடு பேச்சே இல்லை என்று ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாய். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் உன் தீக்காவல் கோபுரத்துக்குத் தண்ணீரும் மளிகையும் ஏற்றி வரும் லூப்பேயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பேஸ்டி இருக்கிறது. அம்மா செய்வது போல மூலையில் உன் பெயரின் முதல் எழுத்தை மாவிலேயே ஒட்டியிருக்கிறேன். உனக்குக் கோபம் என் மேல்தானே, உள்ளே இருக்கும் கறியும் உருளைக்கிழங்கும் என்ன பாவம் செய்தன?

மெஷின் வந்துவிட்டது! பழைய மரஅறுவை மில்லின் முற்றத்தில் இறக்கியபோது பாதி ஊர் வந்து நின்றது. பார்க்க ஒரு பெரிய இரும்பு உருளையும் பக்கத்தில் ஒரு என்ஜினும்தான். மேலே மரச்சீவலைக் கொட்டி, காற்றைக் குறைத்துச் சூடாக்கினால் மரம் கொழுந்து விட்டு எரியாது. வாயுவாகப் பிரியும். அந்த வாயுவில் என்ஜின் ஓடும், என்ஜின் கரண்ட் தரும். கடைசியில் மிஞ்சுவது ஒரு வாளிக் கரி. இரண்டு நாளாக எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மனைவி இருந்திருந்தால் என்னை அந்த உருளைக்குள்ளேயே தள்ளி மூடியிருப்பாள்.

இது எதற்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். போன அக்டோபரில் பெருங்காற்று வருகிறது என்று மின் நிறுவனம் கரண்டை நிறுத்தியது. கம்பி அறுந்து காட்டில் நெருப்பு விழக் கூடாது என்றுதான் நிறுத்துகிறார்கள், நியாயம்தான். ஆனால் கரண்ட் நின்றால் ஊர்க் கிணற்று மோட்டாரும் நின்றுவிடுகிறது. கல்லறைச் சாலையில் தீ வந்தபோது தீயணைப்புக் குழாயில் வந்தது வெறும் காற்று. மூன்று வீடு போயிற்று. அதில் ஒன்று உன்னுடையது.

அடுத்த காற்றுக்குள் இந்த மெஷின் ஓட வேண்டும். அதற்குத் தீனி ஊரைச் சுற்றியே கிடக்கிறது. நெருக்கி நின்ற சன்ன மரங்களையும் புதரையும் வெட்டி வீட்டு உயரத்துக்குக் குவித்துப் போட்டிருக்கிறார்களே, அந்தக் கழிவு. தீ வந்தால் முதலில் பற்றுவதும் அதுதான். ஆனால் பாதிக் குவியல்கள் தனியார் நிலத்தில் இருக்கின்றன. போய்க் கேட்டால் ஒரே பதில்தான்: "ரோடா வேணாம்னுட்டாங்க, நாங்க எப்படிக் குடுக்கிறது?" நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் தம்பி
ஹாலிஸ்

*

ஆஷ்பி மலைக் கோபுரம்
ஜூன் 21

ஹாலிஸ்,

பேஸ்டியை லூப்பே தின்றுவிட்டாள். நான்தான் தின்னச் சொன்னேன். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

என் வீடு போனதை எனக்கே எழுதிக் காட்டுகிறாய். அந்தச் சாம்பலைச் சல்லடை போட்டுச் சலித்தவள் நான். ஒரு கரண்டி கூட முழுசாகக் கிடைக்கவில்லை. ஆகவே தீ என்றால் என்ன என்று எனக்குப் பாடம் வேண்டாம்.

உனக்குத்தான் ஒன்று மறந்துபோயிற்று. கீழே சமவெளி ஓரத்தில் ஒரு பெரிய ஆலை வந்ததே, அதுவும் கழிவு மரம் மட்டும்தான் தின்னும் என்றார்கள். நானே நம்பினேன். வீடு வீடாக ஏறி இறங்கி, "குடுங்க, நல்ல காரியம்" என்று சொன்னேன். கழிவு தீர்ந்தது. ஆலையின் பசி தீரவில்லை. பிறகு நின்ற மரமும் கழிவு என்று ஆயிற்று. நரிச்சரிவு முழுவதும் மொட்டை. இன்றும் கோபுரத்தின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது. தினமும் பார்க்கிறேன்.

ஒரு வயிற்றைக் கட்டிவிட்டால் அதற்குச் சோறு போட்டுத்தான் ஆக வேண்டும். உன் மெஷின் சின்ன வயிறு, அவ்வளவுதான் வித்தியாசம். என் வார்த்தையை ஒருமுறை கொடுத்துக் கெட்டது போதும்.

மின்னல் வருகிறது. இடி தாக்காமல் இருக்கக் கண்ணாடிக் கால் வைத்த முக்காலியில் ஏறி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இனி எழுதாதே.

ரோடா

*

குவில் க்ரீக்
ஜூலை 12

அக்கா,

எழுதாதே என்றாய். ஆனால் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? ஓடிற்று! போன வாரம் வியாழக்கிழமை காலை மெஷின் ஓடிற்று!

அரசாங்க நிலத்தில் புல்டோசர்காரர் ஆரின் அண்ணன் தள்ளிக் குவித்த குவியலைத்தான் முதலில் சீவிப் போட்டோம். முதலில் வெள்ளைப் புகை, பிறகு ஒன்றுமே இல்லை. வாயு பிடித்துக்கொண்டது. என்ஜின் இருமியது, செருமியது, திடீரென்று சீராக ஓட ஆரம்பித்தது. கொட்டகையில் தொங்கிய குண்டு பல்ப் எரிந்தது, அக்கா! காட்டுக் குப்பையில் விளக்கு! ஆரின் அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரம்தான். அப்புறம் நின்றுவிட்டது.

திறந்து பார்த்தால் உள்ளே கண்ணாடி. நிஜமாகவே கண்ணாடி. பச்சையும் பழுப்புமாக உருகிக் கட்டிதட்டி, சல்லடையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. சுத்தியலால் உடைத்து எடுத்தோம். மறுபடி ஓட்டினோம், மறுபடி கண்ணாடி. மெஷின் விற்றவருக்குப் போன் போட்டால், "மெஷின்ல ஒரு குறையும் இல்லங்க, உங்க மரத்துல பாருங்க" என்கிறார். மரத்தில் கண்ணாடி எங்கிருந்து வரும்? பியர் பாட்டிலா காய்க்கிறது?

ஊரில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன ஹாலிஸ், ஜன்னல் கண்ணாடி தொழிலா ஆரம்பிச்சிருக்கீங்க?" என்று தபாலாபீசில் கேட்கிறார்கள். காற்று மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன். ஜன்னலில் வைத்துக்கொள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஹாலிஸ்

*

ஆஷ்பி மலைக் கோபுரம்
ஜூலை 19

அட மடையா,

இது உதவி இல்லை. கண்ணெதிரே ஒருவன் மடத்தனம் செய்தால் எனக்குப் பொறுக்காது, அதனால் எழுதுகிறேன்.

குவியலை ஒழிக்க டிசம்பரில் பனியின் மேல் கொளுத்துகிறார்களே, அது மே மாதத்திலும் புகைந்தால் ஆரின் தள்ளிய குவியல்தான். வருடா வருடம் நான் ரேடியோவில் சொல்கிறேன், வருடா வருடம் ஆள் அனுப்பித் தோண்டி அணைக்கிறார்கள். மரம் அத்தனை மாதம் நெருப்பை வைத்துக்கொண்டிருக்காது. மண்தான் மூடி வைத்திருக்கும். அந்த மனுஷனுக்குக் குவியல் கோயில் கோபுரம் மாதிரி கூம்பாக நிற்க வேண்டும். அதற்காகத் தட்டைத் தகட்டால் தரையோடு சேர்த்து வழித்துத் தள்ளுகிறார். பாதி மரம், பாதி மண். நீங்கள் மண்ணை உருக்கினீர்கள், கண்ணாடி வந்தது. அதில் என்ன அதிசயம்?

தகட்டைக் கழற்றிவிட்டுப் பல் வைத்த வாரியை மாட்டச் சொல். தூக்கி உதறிவிட்டுக் குவிக்கட்டும்.

துண்டை ஜன்னலில் வைத்திருக்கிறேன். சாயங்கால வெயிலில் பச்சையாகத் தெரிகிறது. இதற்காக நான் சம்மதித்துவிட்டேன் என்று ஊரில் தம்பட்டம் அடிக்காதே.

ரோடா

*

குவில் க்ரீக்
ஆகஸ்ட் 16

என் அருமை அக்கா,

முதலில் ஆரின் அண்ணன் கதையைக் கேள். சொல்லத் தயங்கித் தயங்கித்தான் போனேன். மனுஷர் புல்டோசரிலிருந்து இறங்கவே இல்லை.

"என்னடா, என் குவியல்ல மண்ணுங்கிறியா? முப்பது வருஷமாத் தள்றேன், ஒருத்தன் வாயத் தொறந்ததில்ல!"

"தொறந்திருப்பாங்கண்ணே. உங்க வண்டி சத்தத்துல கேட்டிருக்காது."

"எவன் சொன்னான் உனக்கு?"

"ரோடா அக்கா."

மனுஷர் என்ஜினை அணைத்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவளே சொன்னாளா? அப்ப மண்ணுதான்" என்றார். மறுநாள் காலையில் வாரியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். இப்போது அவர் குவியல்கள் சீவாத தலை மாதிரி இருக்கின்றன. அவருக்கு அதில் ஒரே வருத்தம்.

ஆனால் மெஷின்! காலையில் ஆரம்பித்தது மாலை வரை நிற்கவில்லை. கண்ணாடி இல்லை, ஒரு துளி இல்லை! கிணற்று மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, கல்லறைச் சாலைக் குழாயை லூப்பேதான் திறந்தாள். நீர் பீய்ச்சி அடித்தது பார், எதிர்வீட்டுக் கூரை வரைக்கும்! குழந்தைகள் மட்டுமா, தபாலாபீஸ் ஆட்களே நனைந்துகொண்டு குதித்தார்கள். என்னைக் கிண்டல் செய்த அதே ஆட்கள்! அந்தத் தண்ணீர் உன் மனை வரைக்கும் ஓடிப்போய், மிஞ்சி நிற்கும் உன் ஆப்பிள் மரத்தின் அடியில் தேங்கிற்று. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது ஒரே குறை. அரசாங்க நிலத்துக் குவியல் செப்டம்பரோடு தீர்ந்துவிடும். தனியார் நிலத்துக் குவியல்கள் அப்படியே கிடக்கின்றன, அதுவும் கல்லறைச் சாலைக்கு மேலேயே. நீ சொல்லாமல் அவர்கள் தர மாட்டார்கள். உன் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். மலை ஏறித்தான் விழ வேண்டும் என்றாலும் சரி.

ஹாலிஸ்

*

ஆஷ்பி மலைக் கோபுரம்
ஆகஸ்ட் 23

ஹாலிஸ்,

உன் கடிதத்தை லூப்பே முன்னாலேயே படித்தேன். குழாயைத் திறந்ததைப் பற்றி அவளும் கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். சிரித்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் விஷயம். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நீ நல்லவன்தான். அந்த ஆலையை நடத்தியவர்களும் ஆரம்பத்தில் நல்லவர்கள்தான். நல்லவர்களுக்குத்தான் அவசரம் வந்தால் கை எதையும் எடுக்கும். குளிர்காலத்தில் சீவல் ஈரமாக இருக்கும், மோட்டார் ஓட வேண்டியிருக்கும், பக்கத்திலேயே காய்ந்த பெரிய மரம் ஒன்று நிற்கும். அன்றைக்கு நீ என்ன செய்வாய்?

கோபுரத்தில் பழைய ஆணிப் பீப்பாய் ஒன்று கிடந்தது. அதன் இரும்பு வளையத்தைக் கழற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். மில் வாசலில் மாட்டு. கட்டையின் வெட்டிய அடிப்பக்கம் இதற்குள் நுழைந்தால் அது கழிவு, எடுத்துக்கொள். நுழையாவிட்டால் அது மரம். யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு காய்ந்திருந்தாலும், வாசலுக்கு வெளியேதான்.

இதற்கு நீ ஒப்புக்கொண்டால், குவியலை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாக லூப்பே எல்லா வீட்டிலும் சொல்வாள்.

பேஸ்டி அனுப்பு. உப்பைக் குறை.

ரோடா

*

குவில் க்ரீக்
செப்டம்பர் 20

அக்கா,

வளையம் வாசலில் தொங்குகிறது. காற்றில் ஆடினால் மணி மாதிரி சத்தம் வருகிறது. ஒப்புக்கொண்டேன் என்று தனியாக எழுத வேண்டுமா? ஒப்புக்கொண்டேன்!

லூப்பே சொன்ன மறுநாளே லாரி வரிசை கட்டிவிட்டது. கல்லறைச் சாலைக்கு மேலே இருந்த குவியல் எல்லாம் போயிற்று. அங்கே நின்றால் இப்போது மரத்துக்கு நடுவே வானம் தெரிகிறது. ஒரு குவியலுக்கு அடியில் கரடி ஒன்று குடியிருந்திருக்கிறது. ஆரின் அண்ணன் இறங்கி ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் உன் கோபமெல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

வளையத்தால் சண்டையும் வருகிறது. வண்டு அரித்துச் செத்த பைன் மரம் ஒன்றை ஆரின் அண்ணன் அறுத்துக் கொண்டுவந்தார். ஒரு விரல் அகலம் பெரிதாக இருந்ததால் வளையத்தில் நுழையவில்லை. "பட்டைய உரிச்சா நுழையும்டா!" என்றார். "உரிக்கக் கூடாதுண்ணே" என்றேன். "நீ உங்கக்காவ விட மோசம்டா" என்று கட்டைகளை வேலியோரம் உருட்டிவிட்டுப் போனார். அப்படி நுழையாத கட்டைகள் அங்கே ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டது. நன்றாகக் காய்ந்த கட்டைகள். தினமும் அவற்றைக் கடந்துதான் உள்ளே போகிறேன்.

பேஸ்டி இரண்டு. ஒன்று லூப்பேக்கு, எழுத்துப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

ஹாலிஸ்

*

ஆஷ்பி மலைக் கோபுரம்
அக்டோபர் 11

ஹாலிஸ்,

லூப்பே வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள், அவசரமாக எழுதுகிறேன். நாளை மதியத்துக்குள் கிழக்கிலிருந்து பெருங்காற்று. கையில் எடுத்தால் பைன் ஊசியிலை பொடியாகிறது. போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கரண்டை நிறுத்தப் போவதாக ரேடியோவில் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்கே மெஷினைச் சூடாக்கி வை. சீவல் நிறையச் சேர்த்துக்கொள். நான் இங்கேதான் இருப்பேன். பத்திரமாக இரு, தம்பி.

ரோடா

*

குவில் க்ரீக்
அக்டோபர் 15

அக்கா,

நாம் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். கல்லறைச் சாலையில் ஒரு வீடு கூடப் போகவில்லை. ஒன்று கூட!

நீ முதல் புகையைப் பார்த்துச் சொன்னது தீயணைப்பு வண்டி ரேடியோவில் எங்களுக்கும் கேட்டது. உன் குரல் நடுங்கவே இல்லை. நான் உடனே உருளையில் சீவலை நிரப்பினேன். கரண்ட் அதற்கு முன்பே நின்றிருந்தது. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் இருந்தது.

தீ மலைமுகட்டில் மரத்துக்கு மரம் தாவித்தான் வந்தது. குவியல் எடுத்த இடத்துக்கு வந்ததும் தாவ வழியில்லாமல் தரையில் இறங்கிவிட்டது. முழங்கால் உயரம்கூட இல்லை, ஊர்ந்து ஊர்ந்து வந்தது. தீயணைப்பு ஆட்கள் சாலையிலேயே நின்று அடித்து நனைத்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில்தான் சிக்கல். சீவல் ஏற்றி வந்த லாரி, வழியில் மரம் விழுந்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது. உருளையில் சீவல் இறங்கிக்கொண்டே வருகிறது. விளக்கு மங்குகிறது. மோட்டார் சத்தம் இளைக்கிறது. சாலையில் ஆட்கள் கையில் குழாயோடு நிற்கிறார்கள்.

ஆரின் அண்ணன் கத்தினார்: "அந்த வேலியோரக் கட்டைங்களப் பொளந்து சீவிப் போடுடா! நாலாப் பொளந்தா வளையத்துல வழுக்கிக்கிட்டுப் போகும்! பொளக்கக் கூடாதுன்னு உங்கக்கா சொன்னாளா?"

நீ சொல்லவில்லை. கோடரியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். ஓங்கியும் விட்டேன்.

அப்போது லூப்பே வண்டியை வாசலுக்குள் விட்டாள். "ஹாலிஸ், இதப் போடு மொதல்ல!" என்றாள். பின்னால் பார்த்தால், வண்டி நிறையக் கம்புகள். உன்னுடைய கம்புகள், அக்கா! நீயும் உன் ஆட்களும் ஊர்க்கூட்டத்துக்குத் தூக்கி வந்தீர்களே, 'மெஷின் வேண்டாம்' பலகைகள், சர்ச் கொட்டகையில் கிடந்தவை. "பலகையில பெயின்ட் இருக்கு, கழட்டிட்டேன். கம்பு நல்லாக் காஞ்சிருக்கு" என்றாள். அவளுக்குப் பின்னாலேயே ஊரும் வந்தது. அவரைப் பந்தல் குச்சி, உடைந்த நாற்காலிக் கால், வேலிக் கம்பு, ஆளுக்கு ஒரு கை. எல்லாம் வளையத்துக்குள் நுழையும் சாமான். எல்லாவற்றையும் சீவி உள்ளே கொட்டினோம். மோட்டாருக்கு மூச்சு வந்தது. நீ என்னை எதிர்த்துப் பிடித்த கம்புகள் எரிந்து உன் ஆப்பிள் மரத்துக்குத் தண்ணீர் போயிற்று. விழுந்த மரத்தை அகற்றி லாரி வரும்வரை அது தாங்கிற்று.

வேலியோரக் கட்டை ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஒன்றை உனக்குச் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. லூப்பே வராமல் இருந்திருந்தால் பிளந்திருப்பேன். அத்தனையையும் பிளந்திருப்பேன். நீ பயந்தது சரிதான்.

வளையத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

ஹாலிஸ்

*

ஆஷ்பி மலைக் கோபுரம்
அக்டோபர் 18

தம்பி,

அன்று பொழுது சாய்ந்தபோது பள்ளத்தாக்கில் ஒரு விளக்கு இல்லை. எத்தனையோ ஊர், எல்லாம் இருட்டு. உன் ஊரில் மட்டும் மில் விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் தீ, ஒரு பக்கம் அந்த விளக்கு, நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று விளக்கு மங்க ஆரம்பித்தது. சீவல் தீர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வேலியோரம் கட்டை கிடப்பதாக நீதான் எழுதியிருந்தாயே. கோபுரத்து வெளி நடைபாதைக்கு ஓடி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் கத்தினேன்: "பொளந்து போடுடா! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற, பொளடா முட்டாளே!" தொண்டை கிழியக் கத்தினேன். இத்தனை மைல் தள்ளி உனக்கு எங்கே கேட்கப் போகிறது? இரண்டு நாள் எனக்குக் குரலே இல்லை. ரேடியோவில் ஆள் மாறிவிட்டதா என்று கேட்டார்கள்.

விளக்கு மறுபடி பிரகாசமானதும், நீ கட்டையைப் பிளந்துவிட்டாய் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அழுதேன். எனவே உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் அதனாலேயே வளையம் அங்கேயே இருக்கட்டும். உனக்கு மட்டும் இல்லை, அது எனக்கும் வேண்டும்.

முதல் பனி விழுந்ததும் கோபுரத்தை மூடிவிட்டு இறங்குகிறேன். உன் பின்னறையைப் பெருக்கி வை. சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்காதே. மில் வாசல் அங்கிருந்து பக்கம், கட்டைகளை நானே நின்று அளக்கப் போகிறேன். ஆரினிடம் சொல்லிவிடு, பட்டையை உரிக்கிற வேலையெல்லாம் என்னிடம் நடக்காது.

என் பலகைகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஒன்றைத் திருப்பி வெள்ளையடித்து வை. உன் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது, நானே எழுதுகிறேன். பெரிய எழுத்தில்: 'பிளக்காமல் வளையத்தில் நுழையாத மரம் உள்ளே வராது.' அதன் கீழே, நம் ஊர் ஆட்கள் மட்டும் கிட்டப் போய்ப் படிக்கிற அளவுக்குச் சின்னதாக: 'தீ வரும் நாள் தவிர.'

அக்கா

பின்குறிப்பு: பேஸ்டியில் உப்பு இப்போது சரியாக இருக்கிறது.